மூன்றில் இரண்டு சொன்னால் உண்மையாகிவிடுமா?

ஒரு ரசாயனத் தொட்டியின் வெப்பநிலையைப் பார்க்க மூன்று சென்சார்கள். ஒன்று 71.8 டிகிரி என்கிறது, அடுத்தது 72.1, மூன்றாவது 72.4. மூன்றுமே நல்ல நிலையில் இருப்பவை. ஆனாலும் ஒன்று சொல்வதை மற்றொன்று அப்படியே சொல்வதில்லை. சராசரி எடுத்தால் 72.1. இப்போது மூன்றாவதின் வயர் அறுந்து 0 காட்டுகிறது என்று வையுங்கள். சராசரி சட்டென்று 48-க்கு இறங்கிவிடும். தொட்டி ஆறிவிட்டதாக நினைத்து ஹீட்டர் முழு வேகத்தில் எரியும். சராசரிக்குப் பதில் நடுவில் இருக்கும் மதிப்பை எடுத்தால் 71.8 கிடைக்கும். பழுது நடந்ததே வெளியில் தெரியாது. பழுதைத் தாங்கும் அமைப்புகள் பலவற்றுக்கும் அடிப்படை, பெரும்பான்மையை ஏற்கும் இந்த வாக்கெடுப்புதான்.

கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். ஒரு கருவி பணி முடியும்வரை ஓடுவதற்கான நிகழ்தகவு 0.9 என்போம். மூன்றும் ஓடும் நிகழ்தகவு 0.729. ஒன்று மட்டும் கெட்டு இரண்டு ஓடும் நிகழ்தகவு 0.243. இரண்டு ஓடினாலே போதும் என்பதால் இவற்றைக் கூட்டினால் 0.972. ஆயிரத்தில் நூறாக இருந்த தோல்வி 28 ஆகக் குறைகிறது. ஆனால் ஒவ்வொரு கருவியின் நிகழ்தகவும் 0.4 ஆக இருந்தால், மூன்றையும் சேர்த்துக் கிடைப்பது 0.352 மட்டுமே, ஒற்றைக் கருவியே மேல். அதனால், கருவி கெடும் வேகம் எப்போதும் ஒன்றே என்று வைத்து, பழுதுபார்க்காமல் விட்டால், மூன்று கருவி கொண்ட அமைப்பின் சராசரி ஆயுள் ஒற்றைக் கருவியின் ஆயுளில் ஆறில் ஐந்து பங்குதான். ஒற்றைக் கருவியின் சராசரி ஆயுள் 10,000 மணி நேரம் என்றால், ஏறத்தாழ 6,900 மணி நேரம் வரைதான் மூன்றால் லாபம். அதன் பிறகு நட்டம். குறுகிய பணிக்கோ, கெட்டதை உடனே மாற்றக்கூடிய இடத்துக்கோதான் இந்த முறை பொருந்தும்.

நிலவுக்குப் போன சாட்டர்ன் 5 ராக்கெட்டை வழிநடத்திய ஐபிஎம் கணினியில் இதை இன்னும் நுட்பமாகச் செய்தார்கள். முழுக் கணினியை மும்மடங்காக்காமல், அதன் தர்க்கச் சுற்றுகளை ஏழு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் மூன்றாக்கி, ஒவ்வொன்றின் முடிவிலும் வாக்கெடுப்பு வைத்தார்கள். முதல் வரிசையில் ஒரு பகுதியும் மூன்றாம் வரிசையில் வேறொரு பகுதியும் கெட்டாலும் வேலை நடக்கும். மேலே போட்ட அதே 0.9-ஐ ஏழு சம பங்காகப் பிரித்து, வாக்கெடுக்கும் சுற்று கெடாது என்று வைத்துக் கணக்கிட்டால், 28 ஆக இருந்த தோல்வி ஐந்துக்கும் கீழே போகிறது. கூடுதல் கருவி ஒன்றுகூட வாங்காமல், வாக்கெடுக்கும் இடங்களை மட்டும் கூட்டிக் கிடைத்த பலன் இது. எனக்கு மிகவும் பிடித்த பொறியியல் முடிவுகளில் இதுவும் ஒன்று.

நடைமுறையில் அடிக்கடி சறுக்கும் இடம் வேறு. ஒன்று கெட்டாலும் விடை சரியாகவே வருவதால், கெட்டது யாருக்கும் தெரியாமல் மாதக்கணக்கில் கிடக்கும். இரண்டாவது கெடும்போதுதான் விழிப்போம். வாக்கெடுப்பில் ஒன்று முரண்பட்ட அந்தக் கணமே எச்சரிக்கை வர வேண்டும். ஆனால் எவ்வளவு விலகினால் முரண்பாடு? எல்லையை 0.2 டிகிரி என்று இறுக்கினால் நல்ல சென்சாரையும் ஒதுக்கிவிடும். 10 டிகிரி என்று தளர்த்தினால் மெல்ல மெல்லப் பிசகும் சென்சார் உள்ளேயே இருக்கும்.

மேலே போட்ட கணக்கு முழுவதும், ஒன்று கெடுவதற்கும் மற்றது கெடுவதற்கும் தொடர்பில்லை என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது. 2014 நவம்பரில் ஸ்பெயினின் பில்பாவோவிலிருந்து மியூனிக் கிளம்பிய ஏர்பஸ் ஏ321-இல் அந்த அனுமானம் உடைந்தது. காற்றை விமானம் எந்தக் கோணத்தில் சந்திக்கிறது என்று அளக்கும் மூன்று சென்சார்களில் இரண்டு, மேலேறும்போது ஏறக்குறைய ஒரே கோணத்தில் உறைந்து நின்றன. இரண்டும் ஒத்துப்போனதால், சரியாகச் சொன்ன மூன்றாவதைக் கணினி ஒதுக்கிவிட்டது. விமானத்தின் மூக்கு தானாகக் கீழே சாய, 31,000 அடியிலிருந்து 27,000 அடிக்கு இறங்கியது. விமானிகள் அந்தத் தரவு வரும் அலகுகளை அணைத்த பிறகே அதைக் கட்டுக்குள் கொண்டுவர முடிந்தது. ஒரே குளிர், ஒரே வடிவமைப்பு, ஒரே விதமான பழுது.

மென்பொருளில் இது இன்னும் கடுமை. 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட்டில் இரண்டு வழிகாட்டிக் கருவிகள் இருந்தன. இரண்டிலும் ஒரே நிரல். 32,767-க்கு மேல் போக முடியாத 16 பிட் இடத்தில் அதைவிடப் பெரிய எண்ணைத் திணித்தபோது முதலில் மாற்றுக் கருவி நின்றது; ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆவதற்குள் முதன்மைக் கருவியும் அதே காரணத்தால் நின்றது. அப்படியானால் வெவ்வேறு ஆட்களை வைத்து வெவ்வேறு நிரல் எழுதினால்? 1971-இல் பாசடேனாவில் தொடங்கி இன்று டிஎஸ்என் என்ற பெயரில் ஆண்டுதோறும் கூடும், பழுதைத் தாங்கும் கணினிகள் பற்றிய மாநாட்டில் நெடுங்காலம் விவாதிக்கப்பட்ட கேள்வி இது. ஆய்வாளர்கள் ஜான் நைட்டும் நான்சி லெவிசனும் 27 பேரிடம் ஒரே நிரலைத் தனித்தனியாக எழுதச் சொல்லி, பத்து லட்சம் சோதனைகள் ஓட்டி, 1986-இல் முடிவை வெளியிட்டார்கள். கணக்கில் கடினமான இடம் எல்லோருக்கும் கடினமாகவே இருந்தது. தற்செயலாக நடக்கக்கூடியதைவிட மிக அதிகமாக, ஒரே இடத்தில் பலர் சறுக்கியிருந்தார்கள்.

இன்னொரு வகைப் பழுதும் உண்டு: ஆளுக்கொரு விதமாகப் பேசும் பழுது. ஒரு கணினியின் மின்னழுத்தம் 0-க்கும் 1-க்கும் நடுவில் தொங்கினால், அதே கம்பியை ஒருவர் 0 என்றும் மற்றவர் 1 என்றும் படிப்பார்கள். அ, ஆ, இ என்று மூன்று கணினிகள், கெட்டது அ. அது ஆ-விடம் ‘திற’, இ-யிடம் ‘மூடு’ என்கிறது. ஆ, தான் கேட்டதை இ-யிடம் சொல்கிறது: ‘அ என்னிடம் திற என்றது.’ இப்போது பொய் சொல்வது அ-வா, ஆ-வா? இ எவ்வளவு யோசித்தாலும் கண்டுபிடிக்க வழியில்லை. நான்காவதாக ஈ இருந்தால், அ சொன்னதை மற்ற மூன்றும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பெரும்பான்மையை எடுத்து, ஒரே முடிவுக்கு வரும். பீஸ், ஷோஸ்டாக், லாம்போர்ட் என்ற கணினி ஆய்வாளர்கள் மூவரும் 1980-இல் இதை நிறுவினார்கள்: ஒரு பொய்யரைத் தாங்க நான்கு கணினிகள், இரண்டு பொய்யர்களைத் தாங்க ஏழு, மூன்று பேரைத் தாங்கப் பத்து.