ஆர்சிங்க் லாக்கில் தவறான முகவரி பதிவது ஏன்?

ஆர்சிங்க் என்பது கணினிகளுக்கிடையே கோப்புகளை ஒத்திசைக்கும் மென்பொருள். அதன் டீமன் (பின்னணியில் ஓடும் சர்வர் நிரல்) வழக்கமாக 873-ஆம் போர்ட்டில் காத்திருக்கும். இணைப்பு வந்ததும், சாக்கெட்டின் (அந்த இணைப்பு முனையின்) மறுமுனையில் இருப்பது யார் என்று இயங்குதளத்திடம் கேட்கும். கிடைக்கும் ஐபி முகவரியையே லாக்கில் (நிகழ்வுப் பதிவேட்டில்) எழுதும். கோப்பு கடைசியில் யார் கைக்குப் போகிறது என்பது அதற்குத் தெரியாது. கதவைத் தட்டியவரை மட்டுமே தெரியும்.

அதனால் கான்ஃபிக் கோப்பைத் திறப்பதற்கு முன் சர்வரில் டிசிபிடம்ப் (நெட்வொர்க் பாக்கெட்டுகளைக் காட்டும் கருவி) ஓட்டி, 873-க்கு வரும் பாக்கெட்டுகளின் மூல முகவரியைப் பாருங்கள். அங்கும் அதே தவறான முகவரி இருந்தால் ஆர்சிங்க் மீது குற்றமில்லை. வழியில் யாரோ முகவரியை மாற்றுகிறார்கள்.

எல்லா வரியிலும் ஒரே முகவரி என்றால் பெரும்பாலும் நடுவில் லோடு பேலன்சரோ (இணைப்புகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்து அனுப்புவது), நாட் (NAT) எனும் முகவரி மாற்றும் ஏற்பாடோ இருக்கிறது. 172.17.0.1 என்று வந்தால் அது பெரும்பாலும் நிரல்களைக் கன்டெய்னர் எனும் தனி உறைக்குள் ஓட்டும் டாக்கரின் பிரிட்ஜ் (கன்டெய்னர்களை வெளியோடு இணைக்கும் உள் நெட்வொர்க்). கன்டெய்னரை ஹோஸ்ட் கணினியின் நெட்வொர்க்கிலேயே ஓட்டினால் சரியாகும். நடுவில் இருப்பது எச்ஏப்ராக்ஸி (இணைப்புகளை இடையில் வாங்கி அனுப்பும் மென்பொருள்) என்றால், உண்மை முகவரியை இணைப்பின் தொடக்கத்தில் ஒரு தலைப்பு வரியாக அனுப்ப, அதில் 'சென்ட்-ப்ராக்ஸி', ஆர்சிங்க் டீமனில் 'ப்ராக்ஸி ப்ரோட்டோகால்' என இரண்டையும் சேர்த்தே இயக்க வேண்டும். டீமனில் மட்டும் இயக்கினால், எதிர்பார்த்த தலைப்பு வராததால் இணைப்பு உடனே அறுந்துவிடும். ப்ராக்ஸியில் மட்டும் இயக்கினால், அந்தத் தலைப்பையே வாழ்த்து வரி (இரு முனைகளும் முதலில் பரிமாறும் அறிமுக வரி) என்று டீமன் படித்து, நெறிமுறைப் பிழை சொல்லி நிறுத்திவிடும். இன்னொன்றையும் மறக்கவே கூடாது: இந்த வசதியை இயக்கியபின் 873-க்கு ப்ராக்ஸி மட்டுமே வரும்படி ஃபயர்வாலில் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் பொய் முகவரியைத் தலைப்பில் எழுதி அனுப்பலாம். லாக் மட்டுமல்ல, எந்த முகவரிகளை அனுமதிப்பது என்று சொல்லும் 'ஹோஸ்ட்ஸ் அலோ' கட்டுப்பாடும் ஏமாந்துபோகும்.

0.0.0.0 பதிவாவது வேறு கதை. எஸ்எஸ்எச் (பாதுகாப்பான தொலை உள்நுழைவு) வழியாக டீமனை இயக்கும்போது அது நேரடி சாக்கெட் முகவரியைப் பயன்படுத்துவதில்லை. எஸ்எஸ்எச் விட்டுச்செல்லும் சூழல் மாறிகளிலிருந்து (நிரலுக்குக் கூடவே தரப்படும் தகவல்களிலிருந்து) முகவரியை எடுத்துக்கொள்கிறது. இடையில் சூடோ (வேறு பயனரின் உரிமையுடன் நிரலை ஓட்டும் கட்டளை) வந்தால், அது இயல்பாகவே சூழலைத் துடைத்துவிடும். எஸ்எஸ்எச் கனெக்‌ஷன் மாறியைத் தக்கவைக்கும்படி சூடோவின் அமைப்புக் கோப்பான சூடோயர்ஸில் சேர்த்தால் உண்மை முகவரி திரும்ப வரும்.

பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'அன்டிடர்மின்ட்' என்று இருந்தால், முகவரியிலிருந்து பெயரைத் தேடும் 'ரிவர்ஸ் லுக்கப்' அணைக்கப்பட்டிருக்கிறது. 'அன்நோன்' என்றால் முகவரிக்குப் பெயர் கிடைக்கவில்லை, அல்லது கிடைத்த பெயர் அதே முகவரிக்குத் திரும்பவில்லை. இரண்டிலும் முகவரி பத்திரமாகவே இருக்கும். இயல்பான லாக் வடிவத்தில் பெயரை அடுத்துச் சதுர அடைப்புக்குள் அது வரும். சொந்தமாக வடிவம் எழுதியவர்கள் முகவரிக்கான குறியீட்டை விட்டுவிட்டார்களா என்று பார்க்க வேண்டும்.

சில விநாடிக்கு ஒருமுறை 107 என்ற பிழை எண்ணுடன் 'மறுமுனை இணைப்பில் இல்லை' என்று வந்தால், கண்காணிப்புக் கருவி போர்ட்டைத் தொட்டுவிட்டு உடனே மூடுகிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். டீமன் கேட்பதற்குள் ஆள் போய்விட்டதால் எழுத முகவரியே இல்லை. டீமனின் வாழ்த்து வரியைப் படித்தபின் மூடும்படி அந்தச் சோதனையை மாற்றுங்கள்.