நாக்கு தொட்ட மரபணு

“அம்மா பாசமாக வளர்த்தால் பிள்ளையின் டி.என்.ஏவே மாறிவிடுமாமே? பேரப்பிள்ளைக்கும் அது போகுமா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். டி.என்.ஏவில் எழுதியிருக்கும் எழுத்து மாறாது. எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்பது மாறலாம். அதைப் படிக்கும் துறைதான் எபிஜெனெடிக்ஸ். மூளை ஆய்வுக்குள் அதை இழுத்து வந்தவர்களில் முக்கியமானவர் மைக்கேல் மீனி, கனடாவின் மான்ட்ரியலில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகத்துக்காரர்.

அவருடைய ஆய்வுக்கூடத்தில் நடந்த வேலையைக் கேட்டால் சிரிப்பு வரும். சில நிமிடத்துக்கு ஒருமுறை கூண்டைப் பார்த்து, தாய் எலி குட்டியை நக்குகிறதா இல்லையா என்று குறித்துக்கொள்வது. குட்டி பிறந்த முதல் வாரம் முழுக்க இதே வேலை. சில தாய்கள் ஓயாமல் நக்கும், சில அவ்வளவாக நக்காது. நிறைய நக்கப்பட்ட குட்டிகள் வளர்ந்த பிறகு எளிதில் பதறுவதில்லை என்று 1997இல் அவர் குழு எழுதியது. காரணம் மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் இருந்தது. பயந்தால் சுரக்கும் ஹார்மோனைப் பிடித்து ‘போதும், நிறுத்து’ என்று சொல்லும் ஏற்பிகள் அங்கே உண்டு. இந்த எலிகளுக்கு அவை அதிகம், அதனால் பிரேக் சீக்கிரம் பிடிக்கிறது.

சரி, முதல் வாரத்தில் நக்கியது வளர்ந்த பிறகும் எப்படி நினைவிருக்கிறது? இதற்குக் கைகொடுத்தவர் அதே பல்கலைக்கழகத்தின் மோஷே ஷிஃப். புற்றுநோய்க்காக டி.என்.ஏ மெத்திலேற்றத்தை ஆராய்ந்தவர். மெத்தில் என்பது ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன், அவ்வளவுதான். அது டி.என்.ஏவின் சி எழுத்தில் ஒட்டிக்கொண்டால் அந்த இடத்தில் புரதங்கள் வந்து உட்கார முடியாமல் போகலாம்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிதான். ஏற்பி மரபணுவின் தொடக்கப் பகுதியில் என்.ஜி.எஃப்.ஐ-ஏ என்ற புரதம் வந்து உட்கார ஓர் இருக்கை உண்டு. அது உட்கார்ந்தால் மரபணு நன்றாக வேலை செய்து ஏற்பிகள் கூடும். குட்டி பிறப்பதற்கு முன் அந்த இருக்கையில் மெத்தில் இல்லை. பிறந்த மறுநாள் பார்த்தால், எந்தத் தாயின் குட்டியானாலும் அதில் மெத்தில் ஏறியிருக்கிறது. ஆறாம் நாள் பார்த்தால், நிறைய நக்கப்பட்ட குட்டிகளில் மட்டும் அது கழன்றிருக்கிறது! மற்றவற்றில் வளர்ந்த பிறகும் அப்படியே இருக்கிறது. நாக்கு தோலில் பட, குட்டியின் மூளையில் செரோடோனின் என்ற வேதிப்பொருள் ஏறுகிறது. அதனால் என்.ஜி.எஃப்.ஐ-ஏ பெருகுகிறது. அது டி.என்.ஏவில் வந்து உட்காரும்போது கூடவே ஒரு நொதியையும் அழைத்து வருகிறது. டி.என்.ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் என்ற புரத உருளைகளில் அந்த நொதி அசிட்டைல் என்ற இன்னொரு சிறு வேதித்துண்டை ஒட்ட, இறுகிய சுருள் தளர்கிறது, மெத்தில் நீங்க வழி பிறக்கிறது. மெத்திலைப் பிடுங்குவது எந்த நொதி என்பதில் மட்டும் ஆய்வாளர்களுக்குள் நெடுநாள் சண்டை.

மெத்தில் ஏறிக் கழன்ற கதை, மீனியின் மாணவர் இயன் வீவரின் பெயரை முதலில் தாங்கி 2004இல் வெளியான கட்டுரையில் வந்தது. அதில் இன்னொன்றும் செய்தார்கள். அதிகம் நக்கப்படாமல் வளர்ந்த எலியின் மூளைக்குள் டிரைக்கோஸ்டாட்டின்-ஏ என்ற மருந்தைச் செலுத்தினார்கள். அசிட்டைலை அகற்றும் நொதியை அது தடுக்கும். மெத்தில் குறைந்தது, ஏற்பி கூடியது, எலியின் பதற்றமும் நிறைய நக்கப்பட்ட எலிகளின் அளவுக்கு இறங்கியது. வளர்ந்த நரம்பணுவில் மெத்தில் முத்திரை நிரந்தரம் என்று பலரும் நம்பியிருந்த காலம் அது. ‘எலி நக்குவதை எண்ணி என்ன பயன்?’ என்று கேட்டு நிதியை நிறுத்துகிறவர்களுக்கு இந்த ஒரு கட்டுரையைக் காட்டினால் போதும் என்பேன்.

மனிதர்களில்? 2009இல் அதே பல்கலைக்கழகக் குழு, தற்கொலை செய்துகொண்டவர்களின் மூளைத் திசுவை ஆராய்ந்தது. சிறுவயதில் வதைபட்டவர்களிடம் இதே மரபணுவில் மெத்தில் கூடுதலாக இருந்தது. ஆனால் ஒரு பிரிவுக்கு 12 பேர்தான். இதை வைத்துக்கொண்டு ‘மரபணுவை மாற்றித் தருகிறோம்’ என்று பயிற்சி வகுப்பு விற்பவர்களை நம்பாதீர்கள். தாய்மார்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவும் இதில் ஒன்றுமில்லை.

அப்புறம், பேரப்பிள்ளைக் கேள்வி. எலிகளில் பதில் 1999இலேயே வந்துவிட்டது. பிறந்த கையோடு குட்டிகளைத் தாய் மாற்றி வளர்த்தார்கள். அதிகம் நக்காத தாய்க்குப் பிறந்து, நிறைய நக்கும் தாயிடம் வளர்ந்த பெண் குட்டி, தான் ஈன்ற குட்டிகளை, தன்னை வளர்த்தவளைப் போலவே நிறைய நக்கியது. அதாவது எலிகளில் இந்தப் பழக்கம் அடுத்த தலைமுறைக்குப் போனது பிறப்பால் அல்ல, வளர்ப்பால்.