சட்டசபைத் தீர்மானம் ஜீரோ பாயிண்டுக்குத் தண்ணீர் கொண்டுவராது

சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி ஏரி வற்றத் தொடங்கினால் போதும், குடியிருப்போர் நலச் சங்கங்களின் லெட்டர்பேடில் அதே மனு கிளம்பிவிடுகிறது: "சட்டசபையைக் கூட்டி ஒரு சட்டம் போடுங்கள், ஆந்திரா 15 டிஎம்சி கிருஷ்ணா நீரைத் தந்தே தீர வேண்டும்." (ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடி.) இப்போது கூடவே அமெரிக்க உதாரணம் வேறு: "அங்கே பேரேரிகளின் தண்ணீருக்கு மாநிலங்களே சட்டம் போட்டுவிட்டன, இங்கே ஏன் முடியாது?"

அங்கே நடந்தது என்ன? 'கிரேட் லேக்ஸ்' எனப்படும் அந்தப் பேரேரிகளைச் சுற்றியுள்ள 8 மாநிலங்களின் ஆளுநர்கள் 2005 டிசம்பரில் ஒரே உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். பிறகு அதே வாசகத்தை 8 சட்டமன்றங்களும் தனித்தனியாகச் சட்டமாக்கின. முதலில் மினசோட்டா, 2007 பிப்ரவரியில். கடைசி மாநிலங்கள் முடித்தபோது 2008 ஜூலை. அதன்பின் நாடாளுமன்ற ஒப்புதல், அதிபர் கையெழுத்து. நடைமுறைக்கு வந்தது 2008 டிசம்பர் 8. எட்டாவது மாநிலம் சேரும்வரை மற்ற ஏழின் சட்டமும் செயலுக்கு வரவில்லை. தனியொரு மாநிலம் சட்டம் போட்டு அண்டை மாநிலத்திடம் தண்ணீர் வாங்கிய கதை அங்கேயும் கிடையாது.

இங்கே தனியாகப் போட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 1991-இல் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவைத் தாண்ட கர்நாடகம் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அதே ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. நதிநீர் ஒப்பந்தங்களை ரத்து செய்து பஞ்சாப் 2004-இல் சட்டம் போட்டது. 2016-இல் அதற்கும் அதே பதில். முல்லைப் பெரியாற்றில் 142 அடி தேக்கலாம் என்ற தீர்ப்பை மீறி, 136 அடிதான் என்று கேரளா 2006-இல் சட்டம் திருத்தியது. 2014 மே மாதம் அதுவும் விழுந்தது. அந்தத் தீர்ப்பைக் கொண்டாடிய நாமே இப்போது அதே காரியத்தைச் செய்யச் சொல்லி மனு எழுதுகிறோம். பக்கத்து வீட்டு மோட்டாரை ஓட்டச் சொல்லி நம் வீட்டுக்குள் தீர்மானம் போடுவது போலத்தான் இது.

சட்டசபைத் தீர்மானத்துக்கு உண்மையிலேயே சட்ட பலம் கிடைக்கும் ஒரு வழி அரசமைப்பில் உண்டு. 252-வது பிரிவின்படி இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்கள் தீர்மானம் நிறைவேற்றிக் கேட்டால், மாநிலப் பட்டியலில் உள்ள பொருளுக்கும் நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம். மற்ற மாநிலங்கள் பிறகு தீர்மானம் போட்டுச் சேரலாம். 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் அப்படி வந்ததுதான். சேர்ந்தபின் அந்தச் சட்டத்தை மாநிலம் தானாகத் திருத்த முடியாது, இது பலருக்குத் தெரிவதில்லை. மாநிலங்களுக்கிடையே நதிநீர்த் தகராறு என்றால் 262-வது பிரிவும் 1956-ஆம் ஆண்டுச் சட்டமும். அதில் மத்திய அரசிடம் புகார் கொடுக்க வேண்டியது மாநில அரசு. உங்கள் சங்கம் அல்ல.

சென்னையிடம் இருப்பது சட்டமே அல்ல, அரசுகளுக்கிடையேயான ஒப்பந்தம். 1976-இல் மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் தங்கள் கிருஷ்ணா பங்கிலிருந்து தலா 5 டிஎம்சி விட்டுக்கொடுத்தன. 1983 ஏப்ரலில் தமிழகமும் ஆந்திராவும் செய்த ஒப்பந்தத்தில், ஆவியாகவும் கசிந்தும் வழியிலேயே போகும் 3 டிஎம்சியைக் கழித்து 12 என்று எழுதினார்கள்: ஜூலை முதல் அக்டோபர் வரை 8, ஜனவரி முதல் ஏப்ரல் வரை 4. தண்ணீர் முதலில் வந்தது 1996-இல். ஆகவே "15 டிஎம்சி பாக்கி" என்று எழுதிய மனு முதல் வரியிலேயே அடிபடும்.

அடுத்த தவறு, ஆந்திராவின் கண்டலேறு அணையில் திறந்த அளவைச் சென்னைக்கு வந்ததாக எண்ணுவது. ஆந்திர எல்லைக்குள் மட்டும் கால்வாய் 152 கிலோமீட்டர். தண்ணீர் வந்து சேரச் சில நாள் ஆகும். வழியில் வயலுக்கும் போகும். கால்வாய் தமிழகத்துக்குள் நுழையும் இடம்தான் ஜீரோ பாயிண்ட், ஊத்துக்கோட்டை அருகே தாமரைக்குப்பத்தில். அங்கே அளந்ததுதான் கணக்கு. செய்தியில் "வினாடிக்கு 500 கன அடி" என்று வந்தால் அது வேகம், அளவு அல்ல. அந்த வேகத்தில் ஒரு நாளுக்கு 43.2 மில்லியன் கன அடி. ஒரு டிஎம்சி சேர 23 நாள் வேண்டும். நான்கு மாதத்தில் 8 டிஎம்சி வர, ஒரு நாள் விடாமல் வினாடிக்குச் சுமார் 750 கன அடி ஓட வேண்டும். சென்னைக்கு நாளொன்றுக்கு 100 கோடி லிட்டர் என்று வைத்தால் ஒரு டிஎம்சி 28 நாளுக்குக் காணும்.

இன்னொன்று. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், தேர்வாய் கண்டிகை ஐந்தும் நிரம்பினாலே 11.757 டிஎம்சிதான். நல்ல மழை ஆண்டில் ஏரிகள் நிறைந்து, "போதும், நிறுத்துங்கள்" என்று தமிழகமே சொல்வதும் உண்டு. அந்த ஆண்டின் குறைவையும் ஆந்திரா ஏமாற்றிய கணக்கில் சேர்க்காதீர்கள், தயவுசெய்து.

மனு எழுதியே ஆக வேண்டும் என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதுங்கள். நீர்வளத் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி. கேட்க வேண்டியவை: இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை ஜீரோ பாயிண்டில் தினசரி அளவு, மில்லியன் கன அடியில், தண்ணீர் கேட்டு ஆந்திராவுக்கு அனுப்பிய கடித நகல்கள், நிறுத்தச் சொன்ன கடிதங்கள் இருந்தால் அவையும். "ஏன் தரவில்லை?" என்று கேட்காதீர்கள். பதிவேட்டில் இருப்பதைத்தான் தருவார்கள், விளக்கம் தர மாட்டார்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் முதல் மேல்முறையீடு.

நம் சட்டசபை போட்ட சட்டம் நம் வாசலிலேயே கிடக்கிறது, அதை யாரும் கேட்பதில்லை. சென்னைப் பெருநகர நிலத்தடி நீர்ச் சட்டம், 1987: பட்டியலிட்ட கிராமங்களில் கிணறு தோண்ட அனுமதி வேண்டும், லாரியில் எடுத்துப்போக உரிமம் வேண்டும். உங்கள் சம்ப்பில் கொட்டும் லாரியின் உரிமத்தை என்றாவது வாங்கிப் பார்த்தீர்களா? மழைநீர் சேகரிப்பும் 2003 முதல் கட்டாயம். 100 சதுர மீட்டர் மொட்டை மாடியில் ஒரு மில்லிமீட்டர் மழைக்கு 100 லிட்டர். அந்தக் குழாயைத் தெரு வடிகாலில் விட்டுவிட்டு கிருஷ்ணா நீர் கேட்காதீர்கள். செப்டம்பருக்குள் வடிகட்டித் தொட்டியின் மேல் மணலை அள்ளி மாற்றுங்கள், ஜல்லியைக் கழுவிப் போடுங்கள், குளியலறைத் தண்ணீர் அந்தக் குழாயில் கலக்கிறதா என்று ஒரு வாளி ஊற்றிப் பாருங்கள்.