கயிறேற்றத்தில் கால்களின் பங்கு

உடற்பயிற்சிக்காகக் கயிறு ஏறத் தொடங்குபவர்களில் பெரும்பாலோர் கைகளின் வலிமையையே நம்பி மேலே செல்ல முயல்கிறார்கள். சில இழுப்புகளிலேயே முன்கை இறுகி, விரல்கள் பிடியை விட்டுவிடுகின்றன. விரல்களை மடக்கும் முன்கைத் தசைகள் இடைவிடாது இறுகியிருக்கும்போது, அவற்றுக்குள் செல்லும் இரத்தக் குழாய்கள் நசுங்கி இரத்த ஓட்டம் குறைவதே அதற்குக் காரணம். 1904ஆம் ஆண்டு செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில், இடது காலுக்குப் பதிலாக மரக்கால் பொருத்தியிருந்த ஜார்ஜ் ஐசர் கயிறேற்றத்தில் தங்கம் வென்றார் என்பது உண்மைதான். ஆனால் அவர் தேர்ந்த ஜிம்னாஸ்டிக் வீரர். புதிதாகப் பழகுபவர் உடல் எடையைக் கால்களிடம் ஒப்படைக்கக் கற்றுக்கொள்வதே சரியான தொடக்கம்.

இதற்கான எளிய காற்பூட்டில், அதாவது பாதங்களுக்கிடையே கயிற்றை இறுக்கிப் பிடிக்கும் முறையில், கயிறு வலக்காலின் வெளிப்பக்கமாக இறங்கி, வலப் பாதத்தின் அடியில் வளைந்து, இடப் பாதத்தின் மேற்புறத்தைக் கடந்து தொங்குகிறது. இடக்கால் கயிற்றை அடியிலிருந்து அள்ளித் தூக்கியதும், வலப் பாதம் அதன்மேல் அழுத்தமாக மிதிக்கிறது. எழுந்து நிற்கும்போது உடல் எடையே இந்தப் பூட்டை மேலும் இறுக்குகிறது.

பூட்டு வழுக்காமல் நிற்பதற்குக் கயிற்றின் வளைவே முக்கியக் காரணம். ஒரு பரப்பைச் சுற்றி வளையும் கயிற்றில், சுற்றுக் கோணம் கூடக் கூட உராய்வின் பிடி பன்மடங்காகப் பெருகுகிறது. இந்த உறவைப் 18ஆம் நூற்றாண்டில் கணித மேதை ஆய்லர் ஆராய்ந்தார். உராய்வுக் குணகம் (இரு பரப்புகள் எவ்வளவு பற்றிக்கொள்கின்றன என்பதைக் காட்டும் எண்) 0.5 என்று கொண்டால், கயிற்றின் ஒரு முனையில் உள்ள இழுவிசை மறுமுனையில் உள்ளதைப்போல் கால்பங்குச் சுற்றில் ஏறத்தாழ 2.2 மடங்கும், அரைச் சுற்றில் 4.8 மடங்கும், முழுச் சுற்றில் 23 மடங்கும் வரை இருந்தாலும் கயிறு வழுக்காது. பாதத்தில் கயிற்றைச் சற்றுக் கூடுதலாக வளைப்பது இவ்வளவு பயன் தருவது எனக்கு இன்றும் வியப்பூட்டுகிறது.

ஏறும் முறை இதிலிருந்தே பிறக்கிறது: கைகளை நீட்டித் தொங்கியபடி முழங்கால்களை மார்பை நோக்கி உயர்த்தி, பூட்டிட்டு, தொடைத் தசைகளால் எழுந்து நின்று, அதன் பிறகே கைகளை மேலே மாற்ற வேண்டும். முழங்கால் எவ்வளவு உயர்கிறதோ, ஒரு சுழற்சியில் அவ்வளவு உயரம் கிடைக்கும். முதலில் ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்து, கண்ணால் பார்க்காமலே பூட்டு விழும்வரை கால்களைப் பழக்குவது நல்லது. தசைகளைவிடத் தசைநாண்கள் மெதுவாகவே வலுப்பெறுவதால், உயரத்தைப் படிப்படியாகத்தான் கூட்ட வேண்டும்.

இறங்குவதில் இன்னும் கவனம் தேவை. 70 கிலோ எடையுள்ளவர் 5 மீட்டர் உயரத்திலிருந்து சறுக்கி இறங்கினால், ஏறத்தாழ 3,400 ஜூல் ஆற்றலின் பெரும்பகுதி உராய்வால் வெப்பமாகி, உள்ளங்கைத் தோலைச் சுட்டுவிடும். ஆகவே பூட்டைச் சற்றே தளர்த்தி, கையின் கீழ் கை மாற்றி இறங்க வேண்டும். அதற்கான வலிமை மிச்சமிருக்கும்போதே ஏறுவதை நிறுத்திக்கொள்ள வேண்டும்.