ஜாமீனில் வந்தவர் வீட்டுக்கு வரலாமா? குடும்ப வன்முறைச் சட்டத்தின் 15-ஆம் விதி

கைதான கணவருக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது என்று கேள்விப்பட்டதும், வழக்கே தோற்றுப்போனதாக எண்ணிப் பல பெண்கள் ஒடுங்கிவிடுகிறார்கள். ஜாமீன் விடுதலை ஆகாது. வழக்கு முடியும்வரை நீதிமன்றம் சொல்லும் கட்டுப்பாடுகளுக்குள் வெளியே இருக்கலாம், அவ்வளவுதான். அந்தக் கட்டுப்பாடுகளை நாமும் கேட்டுப் பெறலாம் என்பதைத்தான் யாரும் அந்தப் பெண்களிடம் எடுத்துச் சொல்வதில்லை.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் (2005) எடுத்த எடுப்பில் யாரையும் சிறைக்கு அனுப்புவதில்லை. முதலில் நடுவர் (மாஜிஸ்திரேட்) பாதுகாப்பு ஆணை, அதாவது அந்தப் பெண்ணிடம் வன்முறை கூடாது என்று தடுக்கும் உத்தரவு, பிறப்பிப்பார். அதை மீறினால்தான் குற்றம். ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். இக்குற்றத்துக்கு வாரண்ட் இல்லாமலே போலீசார் கைது செய்யலாம். பாதிக்கப்பட்ட பெண்ணின் சாட்சியம் ஒன்றை மட்டும் வைத்தே குற்றம் நடந்ததாக நீதிமன்றம் முடிவுக்கு வரலாம் என்று 32-ஆம் பிரிவு கூறுகிறது. நான்கு சுவருக்குள் நடப்பதற்கு வேறு சாட்சிக்கு எங்கே போவது?

இப்படிக் கைதானவரை ஜாமீனில் விடும்போது என்னென்ன நிபந்தனைகள் போடலாம் என்பதை இச்சட்டத்தின் கீழ் வந்த 2006-ஆம் ஆண்டு விதிகளில் 15-ஆவது விதி சொல்கிறது. பாதிக்கப்பட்ட பெண்ணை மிரட்டவோ மீண்டும் வன்முறையில் இறங்கவோ கூடாது. போன் செய்வது உட்பட எந்த வகையிலும் தொடர்புகொள்ளக் கூடாது. அவள் வசிக்கும் வீட்டைக் காலி செய்துவிட்டு, அந்த வீட்டிலிருந்தும் அவள் வழக்கமாகப் போகக்கூடிய இடங்களிலிருந்தும் விலகியிருக்க வேண்டும். துப்பாக்கியோ வேறு ஆபத்தான ஆயுதமோ வைத்திருக்கக் கூடாது. மது அருந்தவும் தடை விதிக்கலாம். அவளுடைய பாதுகாப்புக்குத் தேவையான வேறு உத்தரவுகளையும் சேர்க்கலாம்.

கவனிக்க வேண்டிய சொல் ‘லாம்’. விதித்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் நீதிமன்றத்துக்கு இல்லை. ஆகவே ஜாமீன் மனு விசாரணைக்கு வரும் முன்பே அரசு வழக்கறிஞரிடமோ, இச்சட்டப்படி அரசு நியமித்த பாதுகாப்பு அலுவலரிடமோ உங்கள் நிலைமையைத் துல்லியமாகச் சொல்லுங்கள். வேலை பார்க்கும் இடம், குழந்தையின் பள்ளி, கணவர் எந்த எண்ணிலிருந்து அழைத்து மிரட்டினார் என்பதெல்லாம் வேண்டும். வக்கீல் வைக்க வசதியில்லை என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள்.

பெண்களுக்கு எதிரான குற்றங்களில் ஜாமீன் வழங்குவது குறித்து 2021 மார்ச் மாதம் அபர்ணா பட் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவான வழிகாட்டுதல்களைத் தந்தது. குற்றம் சாட்டப்பட்டவரும் பாதிக்கப்பட்டவரும் சந்திக்க இடம்தரும் எந்த நிபந்தனையும் கூடாது. ஜாமீன் வழங்கப்பட்டதைப் புகார் கொடுத்தவருக்கு உடனே தெரிவித்து, ஜாமீன் ஆணையின் நகலை இரண்டு நாட்களுக்குள் தர வேண்டும். தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். என் பார்வையில் அந்த நகல்தான் மிகப் பெரிய பாதுகாப்பு; என்ன நிபந்தனை என்றே தெரியாதபோது, மீறியதாக எப்படிப் புகார் செய்வது?

உறவினர்கள் சமரசம் பேசி, “இனி அவன் வீட்டுக்கு வரட்டும்” என்று முடிவு செய்வதால் நிபந்தனை மாறிவிடாது. நீதிமன்றம்தான் மாற்ற முடியும். மீறினால் ஜாமீனை ரத்து செய்யக் கோரலாம். பாதுகாப்பு ஆணையை மீண்டும் மீறியிருந்தால் பாதுகாப்பு அலுவலரிடம் எழுத்து மூலம் கையெழுத்திட்டுப் புகார் கொடுக்கலாம்; அவரிடம் போகாமல் நேரடியாகக் காவல் நிலையத்தையோ நடுவரையோ நாடவும் உரிமை உண்டு. அவசர உதவிக்குப் பெண்கள் உதவி எண் 181.