சென்சாரை மாற்றிய பிறகும் ஏபிஎஸ் விளக்கு எரிகிறதா?

“ஸ்கேனர்லயே இடது முன் சக்கர சென்சார்னு வந்தது. புதுசு போட்டாச்சு. ரெண்டே நாள்ல மறுபடி லைட் வந்துடுச்சு.” திடீரென்று பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பின் எச்சரிக்கை விளக்கைப் பற்றி, பட்டறைக்கு வருபவர்கள் ஏறக்குறைய இதே வார்த்தைகளில் சொல்வார்கள். கையில் பழைய சென்சாரையும் வைத்திருப்பார்கள். சோதித்துப் பார்த்தால் பெரும்பாலும் அது நன்றாகவே இருக்கும்.

ஸ்கேனரில் சி0035 என்ற பிழைக் கோட் வந்தால், இடது முன் சக்கரத்தின் வேகத் தகவல் சரியாக வரவில்லை என்றுதான் பொருள். அந்தத் தகவல் வரும் வழியில் சென்சார், அதன் எதிரே சுற்றும் பல் வளையம், பேரிங், ஒயர், கனெக்டர், கடைசியில் ஏபிஎஸ் மாட்யூல் எனும் கட்டுப்பாட்டுப் பெட்டி என்று இத்தனை பேர் இருக்கிறார்கள். கோட் தெருவைக் காட்டும், வீட்டை நாம்தான் தேட வேண்டும்.

அந்த இரண்டு நாள் கதைக்கு வருகிறேன். அப்படிச் சொல்லி வந்த ஒருவரிடம், விளக்கு எப்போது வருகிறது என்று கேட்டேன். “வண்டியைத் திருப்பி நிறுத்தும்போது” என்றார். பாதி விடை அதிலேயே இருந்தது. சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, கனெக்டரைக் கழற்றி, ஒயர் முனைகளில் மல்டிமீட்டரை வைத்தேன். அந்த வண்டியில் இருந்தது பழைய காந்தச் சுருள் வகை சென்சார். நேராக இருந்தபோது ஆயிரம் ஓமுக்குச் சற்று மேலே காட்டியது. ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுதாக ஒடித்ததும் மீட்டரில் எண்ணே இல்லை. ஷாக் அப்சார்பர் அருகே ஒயர் வளையும் இடத்தை விரலால் நசுக்கிக்கொண்டே வந்தேன். ஓர் அங்குல நீளத்துக்கு மட்டும் உள்ளே ஒன்றும் இல்லாததுபோல் தொளதொளவென்று இருந்தது. மேல் ரப்பரில் ஒரு கீறல்கூட இல்லை. வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்பு பச்சைப் பொடியாகியிருந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இப்போது வரும் வண்டிகளில் பெரும்பாலும் ஆக்டிவ் வகை சென்சார்கள். மாட்யூல் மின்சாரம் கொடுத்தால்தான் அவை வேலை செய்யும். சக்கரம் சுற்றச் சுற்ற மின்னோட்டம் 7 மில்லி ஆம்பியருக்கும் 14 மில்லி ஆம்பியருக்கும் இடையே தாவும். இதில் ஓம் பார்ப்பதில் பயனில்லை, சென்சார் கெடவும் வாய்ப்புண்டு. இரண்டு வகையிலும் பெரும்பாலும் ஒயர் இரண்டுதான் என்பதால், ஒயரை எண்ணி வகையைக் கண்டுபிடிக்க முடியாது. வண்டியின் கையேட்டைப் பார்த்துவிட்டு மீட்டரை எடுங்கள்.

ஒயரைவிட எனக்குப் பயம் தருவது விரிசல் விட்ட பல் வளையம். இதில் பல நேரம் விளக்கே வராது. மெதுவாக வந்து நிறுத்தும் கடைசி சில அடிகளில் பெடல் காலுக்கடியில் கடகடவென்று துடிக்கும். பிரேக் பேடு தேய்ந்துவிட்டது என்று நினைத்து அதை மாற்றுவார்கள். நடப்பது வேறு. துரு வளையத்தை அடியிலிருந்து நெம்பி ஓரிடத்தில் பிளந்துவிடும். அங்கே இரண்டு பற்களுக்கு நடுவே இடைவெளி கூடிவிடும். அடுத்த பல் தாமதமாக வருவதை, சக்கரம் பூட்டிக்கொள்ளப் போகிறது என்று மாட்யூல் எடுத்துக்கொண்டு, அந்தச் சக்கரத்தின் பிரேக் அழுத்தத்தைக் குறைக்கும். வேகமாகப் போகும்போது அந்தத் தாமதம் கணக்கில் கரைந்துவிடும். மெதுவாகப் போகும்போதுதான் வெளியே தெரியும். முன்னால் நிற்கும் வண்டிக்கு ஒரு கை தூரத்தில் பிரேக் தளர்ந்தால் எப்படி இருக்கும்? சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றி, டார்ச் அடித்து, ஒவ்வொரு பல்லாகப் பாருங்கள். மயிரிழை விரிசல்தான் இருக்கும்.

அப்புறம், பேரிங் மாற்றிய மறுநாளே விளக்கு வந்தால் சென்சாரைத் தொடவே வேண்டாம். பல வண்டிகளில் பல் வளையத்துக்குப் பதிலாக பேரிங்கின் ஒரு பக்க சீலிலேயே காந்தப் பட்டை இருக்கும். அந்தப் பக்கம் சென்சாரைப் பார்த்து உட்கார வேண்டும். திருப்பிப் போட்டால் சக்கரம் அருமையாகச் சுற்றும், சத்தம் வராது, வேகம் மட்டும் பூஜ்யம். பார்வைக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். போடுவதற்கு முன் ஒரு சின்னக் குண்டூசியைக் காட்டினால் காந்தப் பக்கம் இழுக்கும். அவசரத்தில் நானும் ஒருமுறை திருப்பிப் போட்டிருக்கிறேன். பிரஸ்ஸில் அடித்த பேரிங்கை வெளியே எடுத்தால் மறுபடி பயன்படுத்த முடியாது என்பதால் நஷ்டம் என்னுடையது.

சரி, விளக்கு எரியும் வண்டியை ஓட்டலாமா? மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு மட்டும் என்றால் சாதாரண பிரேக் பொதுவாக வேலை செய்யும். ஈரச் சாலையில் அழுத்திப் பிடித்தால் சக்கரம் பூட்டி வண்டி வழுக்கலாம். ஆகவே இடைவெளி விட்டு நிதானமாக ஓட்டிப் பட்டறைக்கு வரலாம். கூடவே சிவப்பு பிரேக் விளக்கும் எரிந்தால் ஓட்டாதீர்கள். பிரேக் ஆயில் இறங்கியிருக்கலாம், அல்லது முன் பின் சக்கரங்களுக்கு அழுத்தத்தைப் பங்கிடும் வேலையும் நின்றிருக்கலாம். அப்படி நின்றால் பின் சக்கரங்கள் முதலில் பூட்டி வண்டி சுழலக்கூடும்.

பட்டறையில் விடும்போது, சென்சார் வாங்குவதற்கு முன் ஓடும் வண்டியில் நான்கு சக்கரங்களின் வேகத்தையும் ஸ்கேனரில் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று சக்கரம் 20 கிலோமீட்டர் காட்டும்போது ஒன்று மட்டும் பூஜ்யத்துக்கு விழுந்து எழுந்தால், எங்கே கை வைப்பது என்று தெரிந்துவிடும். வேலை முடிந்ததும் விளக்கு உடனே அணையாவிட்டால் பதற வேண்டாம். சில வண்டிகளில் கொஞ்ச தூரம் ஓடி, நான்கு சக்கரத் தகவலும் சரியாக வந்த பிறகுதான் மாட்யூல் அதை அணைக்கும்.