பட்டினி, பட்டியல், முதல் தோட்டா

டெல்லி மயூர் விஹாரிலோ முனிர்க்காவிலோ ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு நாஜிசப் பாடம் சொல்லித்தரும் தமிழ்ப் பெற்றோரிடம் இந்தக் கேள்வி வரும்: ஜெர்மானியர் யூதர்களைக் கொன்றார்கள் சரி, அவர்கள் பிடித்த நாட்டுக்காரர்கள் ஏன் உடன் சேர்ந்தார்கள்? துரோகிகள் என்று சொல்லி முடித்துவிட்டால் எதுவும் விளங்காது.

ஜெர்மனி பிடித்த போலந்தில் இருந்த ட்ரெப்ளிங்கா கொலைமுகாமை எடுத்துக்கொள்வோம். 1942 ஜூலையிலிருந்து ஓராண்டுக்குச் சற்று அதிகமான காலத்தில் அங்கே சுமார் 9,25,000 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். முகாமில் இருந்த ஜெர்மானியர் 25 முதல் 35 பேர்தான். காவல் நின்ற 90 முதல் 150 பேர், ட்ராவ்னிக்கி என்ற போலந்து ஊரில் பயிற்சி பெற்ற துணைப்படையினர். அந்தப் படைக்கு முதலில் ஆள் எடுத்தது சோவியத் போர்க்கைதிகளிடமிருந்து.

ஜெர்மனி பிடித்த சுமார் 57 லட்சம் சோவியத் வீரர்களில் ஏறத்தாழ 33 லட்சம் பேர் சிறையிருப்பிலேயே செத்தார்கள். 1941 குளிர்காலத்தில் முள்வேலிக்குள் பட்டினியும் டைஃபஸ் என்ற தொற்றுக் காய்ச்சலும் வாரிக்கொண்டு போயின. வேலியைத் தாண்ட இருந்த ஒரு வழி, எதிரியின் சீருடை. ஆனால் பசி சேர்ந்ததற்குத்தான் காரணம். நீடித்ததற்கு அது போதாது. பயிற்சியின்போதே யூதர்களைச் சுடவைத்ததாக முன்னாள் காவலர்கள் சிலரே பிற்கால விசாரணைகளில் சொன்னார்கள். ஒருமுறை சுட்டவன் ஊருக்குத் திரும்பினால் தண்டனை. இனி அவனுக்குக் காப்பு அந்தப் படைதான். சாராயம், கொள்ளைப் பணம், அடுத்தவன் உயிர்மேல் கிடைத்த அதிகாரம் எல்லாம் பின்னாலேயே வந்தன. ஏற்கெனவே இருந்த யூத வெறுப்பு, செய்வது குற்றம் என்ற உறுத்தலையும் மழுக்கியது. அப்படியும் ஆயுதத்தோடு தப்பி ஓடியவர்கள் உண்டு.

பாரிஸில் பட்டினியே தேவைப்படவில்லை. யூதர்களின் பெயர், முகவரி அட்டைகளை 1940-லேயே பிரெஞ்சுக் காவல்துறை தயாரித்து வைத்திருந்தது. 1942 ஜூலை 16, 17-இல் பிரெஞ்சுப் போலீசாரே 13,152 பேரைக் கைது செய்தார்கள். ஒருவர் அட்டை எழுதினார், ஒருவர் கதவைத் தட்டினார், ஒருவர் பேருந்து ஓட்டினார். கொலை நடந்தது தொலைவில், போலந்தில்.

வேலையைக் கூறுபோட்டால் மனம் எவ்வளவு இளகிக்கொடுக்கும் என்பதை உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அளந்தார். பதில் தவறும்போதெல்லாம் இன்னொருவருக்கு மேலும் வலுவான மின்னதிர்ச்சி கொடுக்கச் சொல்லும் சோதனை அது. மின்னதிர்ச்சிப் பொத்தானை வேறொருவர் அழுத்த, தான் துணைவேலை மட்டும் செய்தபோது 40 பேரில் 37 பேர் உச்ச அளவு அதிர்ச்சிவரை, கடைசிவரை போனார்கள். (அதிர்ச்சி போலி, அது அவர்களுக்குத் தெரியாது.)

பிள்ளைக்குச் சொல்லும்போது ஐரோப்பாவோடு நிறுத்திவிடக் கூடாது. ஜப்பான் பிடித்த மலேயாவில் (இன்றைய மலேசியா), 415 கி.மீ. சயாம்–பர்மா (இன்றைய தாய்லாந்து–மியான்மர்) ரயில்பாதை போடும் வேலைக்குத் தோட்டத் தமிழர்களை ஆயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள். காலராவிலும் பசியிலும் பெருந்திரளாக மாண்டார்கள். இத்தனை பேர் வேண்டும் என்று உத்தரவு தோட்டத்துக்கு வரும்; ஆளைக் காட்டும் வேலை கிராணி (தோட்டத்துக் கணக்கர்), கங்காணி (கூலிகளை மேய்ப்பவர்) போன்ற நம்மவர் தலையில் விழும். மறுத்தால் தன் தலைக்கே ஆபத்து. இணங்கினால் தன் வீட்டுப் பெயரை விட்டுவிடலாம். நமக்கு வலிக்கிற வரலாறு என்பதாலேயே இதை மூடிவைக்கக் கூடாது.

மறுப்பது எப்போது எளிதாகிறது? மில்கிராமின் இன்னொரு சோதனையில், உடனிருந்த இருவர் எழுந்து மறுத்ததும், கடைசிவரை போனவர்கள் 40-இல் 4 பேராகக் குறைந்தார்கள். டென்மார்க்கில் ஆக்கிரமிப்புக்குப் பிறகும் சொந்த நிர்வாகமும் தேவாலயமும் குலையவில்லை; மறுத்தவர் தனியாள் ஆகவில்லை. ஜெர்மனி அங்கே சற்று இலகுவாக நடந்துகொண்டதும், கடலுக்கு அக்கரையிலேயே நடுநிலை நாடான ஸ்வீடன் இருந்ததும் பெரிய உதவி. 1943 அக்டோபரில் சுமார் 7,200 யூதர்களை மீன்பிடிப் படகுகளில் அங்கே கடத்திக் காப்பாற்றினார்கள்.